குத்துச்சண்டையும் குடும்பத் தேடலும்: விஸ்கோந்தியின் 'ரோக்கோவும் அவன் சகோதரர்களும்' (1960) காட்டும் தென்னித்தாலியப் புலம்பெயர் இளைஞர் வாழ்வு

ஆய்வுச் சுருக்கம்

இத்தாலிய இயக்குநர் லூக்கினோ விஸ்கோந்தியின் 'ரோக்கோவும் அவன் சகோதரர்களும்' (1960) என்னும் திரைப்படம், தென்னித்தாலியாவின் லுக்கானியாப் பகுதியிலிருந்து மிலான் நகருக்கு வந்து சேரும் ஓர் உழவர் குடும்பத்தின் கதையைக் கூறுகிறது. நகர வாழ்வால் சிதைந்த கிராமக் குடும்பத்தின் துன்பியல் நாடகமாகவே இப்படம் பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை, 1939 முதல் 1961 வரை இத்தாலியில் நடைமுறையில் இருந்த குடியிருப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பின்னணியில் படத்தை அணுகுகிறது. மூத்த மகனைத் தேடிவரும் தாயின் பயணமும் மகன்கள் நாடும் குத்துச்சண்டைத் தொழிலும் பதிவேட்டில் இடமற்ற மக்களின் ஒரே நிலைமையிலிருந்து பிறந்தவை என்பதையும், அக்குடும்பத்தின் நிலைபேற்றுக்கான விலையைக் குடும்பத்திற்கு வெளியே நின்ற ஒரு பெண்ணே செலுத்துகிறாள் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: உள்நாட்டுப் புலம்பெயர்வு, தென்னித்தாலியா, மிலான், குத்துச்சண்டை, சமூக யதார்த்தம், குடும்பம், குடியிருப்புச் சட்டம்.

முன்னுரை

ஒரு குளிர்கால இரவில் மிலான் மைய ரயில் நிலையத்தில் ஒரு விதவைத் தாய் நான்கு மகன்களுடன் வந்து இறங்குகிறாள். அவர்களை எதிர்கொள்ள எவரும் வரவில்லை. முன்பே நகருக்கு வந்துவிட்ட மூத்த மகன் வின்சென்சோவைத் தேடி, மூட்டை முடிச்சுகளுடன் டிராம் வண்டியில் ஏறி அவர்கள் புறநகரை நோக்கிச் செல்கின்றனர். வழிநெடுகக் கடைகளின் விளக்கொளி அவர்கள் முகங்களில் பட்டு நகர்கிறது. படம் இத்தேடலில்தான் தொடங்குகிறது.

தாய் ரொசாரியாவின் ஐந்து மகன்கள் வின்சென்சோ, சிமோனே, ரோக்கோ, சீரோ, லூக்கா ஆகியோர். படம் இவர்களின் பெயர்களைத் தலைப்பாகக் கொண்ட ஐந்து பகுதிகளால் ஆனது. சிமோனேயும் ரோக்கோவும் குத்துச்சண்டை வீரர்களாகின்றனர். சிமோனே முதலில் புகழடைந்து பின்னர்ச் சீரழிகிறான். விருப்பமின்றிச் சண்டை மேடை ஏறும் ரோக்கோ வாகை சூடுகிறான். இருவருக்கும் இடையில் நாதியா என்னும் பெண் சிக்கி அழிகிறாள்.

நகரம் குடும்பத்தைக் கெடுத்தது என்னும் எளிய முடிவுக்கு இக்கதைச் சுருக்கம் இட்டுச் செல்லும். ஆயினும் அம்முடிவு இரண்டு வினாக்களுக்கு விடை தருவதில்லை. ஒன்று, நகருக்கு வந்த உழவர் மகன்களுக்கு ஏன் குத்துச்சண்டை ஒரு வழியாகத் தோன்றியது? மற்றொன்று, இக்குடும்பம் ஏன் எவ்விலை கொடுத்தும் ஒன்றாக இருக்க முயல்கிறது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண, படம் எழுந்த காலத்தின் சமூக, சட்ட வரலாற்றை அறிதல் இன்றியமையாதது.

தெற்கின் சிக்கலும் பெரும் இடப்பெயர்வும்

1861இல் இத்தாலி ஒரே அரசாக ஒன்றிணைந்த காலந்தொட்டே, தொழில் வளர்ந்த வடக்கிற்கும் வேளாண்மையை நம்பிய வறிய தெற்கிற்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு அந்நாட்டு அரசியல் சிந்தனையின் மையப் பொருளாக இருந்துள்ளது. வடக்கின் தொழிலாளரும் தெற்கின் உழவரும் இணையாதவரை இச்சிக்கல் தீராது என்பதை அந்தோனியோ கிராம்ஷி 1926இல் எழுதத் தொடங்கி முற்றுப்பெறாது விட்ட கட்டுரை வலியுறுத்தியது. முசோலினி ஆட்சியால் லுக்கானியாவுக்கு நாடுகடத்தப்பட்ட கார்லோ லேவி, தம் அனுபவங்களை 1945இல் நூலாக வெளியிட்டபோது அப்பகுதியின் வறுமை உலகின் கவனத்தை ஈர்த்தது. பசிலிகாத்தா என்றும் வழங்கும் இம்மலைப்பகுதியே பரோந்தி குடும்பத்தின் தாயகம்.

போருக்குப் பின் நிலமற்ற உழவர்கள் பெருநிலங்களைக் கைப்பற்றிப் போராடினர். அதன் விளைவாக 1950இல் நிலச் சீர்திருத்தச் சட்டமும் தெற்கின் வளர்ச்சிக்கான தனி நிதியமும் வந்தன. பகிர்ந்தளிக்கப்பட்ட நிலத்துண்டுகள் பல குடும்பங்களுக்குப் போதவில்லை. தந்தை இறந்தபின் நிலத்தை விட்டு வெளியேறுவதே வழி என்று ரொசாரியா முடிவு செய்வதன் பின்புலம் இதுவே.

1958 முதல் 1963 வரையிலான ஆண்டுகள் இத்தாலியின் 'பொருளாதார அற்புதம்' எனப்படுகின்றன. இந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னாட்டவர் பிற பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தனர். 1951இல் ஏறத்தாழ 12.7 லட்சமாக இருந்த மிலானின் மக்கள்தொகை 1961இல் 15.8 லட்சமாக உயர்ந்தது. நகரின் எல்லைக்கு அப்பால், புதிதாக வந்தோர் தாங்களே கட்டிக்கொண்ட வீடுகளின் தொகுதிகள் தோன்றின. கொரியப் போர்க் காலத்தில் உருவானமையால் அவற்றைக் 'கொரியா' என்றே மக்கள் அழைத்தனர். பிராங்கோ அலாசியாவும் தனிலோ மொந்தால்தியும் இக்குடியிருப்பு மக்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்து வெளியிட்ட நூல், படம் வெளிவந்த அதே 1960இல்தான் வந்தது.

சொந்த நாட்டில் அயலார்: 1939ஆம் ஆண்டுச் சட்டம்

இக்குடியேறிகள் வேற்று நாட்டவர் அல்லர், இத்தாலியக் குடிமக்களே. ஆயினும் அவர்களுள் பலர் வடக்கின் நகரங்களில் சட்டப்படியான குடியிருப்பாளர்களாக இருக்க இயலவில்லை. முசோலினி அரசு 1939 ஜூலையில் நகர்ப் பெருக்கத்திற்கு எதிரான ஒரு சட்டத்தை இயற்றியது. மாகாணத் தலைநகரங்களுக்கோ, 25,000க்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கோ, முதன்மையான தொழில் நகரங்களுக்கோ குடியிருப்பை மாற்ற விரும்புவோர் அங்குத் தமக்கு வேலை இருப்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்றது அச்சட்டம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் பதியவோ அந்நகரக் குடியிருப்பாளராக இருத்தல் வேண்டும். வேலையின்றிக் குடியிருப்பு இல்லை. குடியிருப்பின்றி வேலை இல்லை என்னும் மீளாச் சுழல் இவ்வாறு உருவாயிற்று.

1948ஆம் ஆண்டுக் குடியரசின் அரசியலமைப்பு, நாட்டின் எப்பகுதியிலும் தடையின்றிச் சென்று வாழும் உரிமையைத் தன் 16ஆம் பிரிவில் வழங்கியது. பாசிச ஆட்சியின் சட்டமோ அதன் பின்னரும் நீக்கப்படாமல் நின்றது. 1961 பிப்ரவரியில்தான் அது முற்றாக நீக்கப்பெற்றது. இடைப்பட்ட காலத்தில் பதிவற்ற தொழிலாளர்கள் குறைந்த கூலிக்கும் பாதுகாப்பற்ற பணிக்கும் உடன்பட நேர்ந்தது. கூட்டுறவு என்ற பெயரில் ஆள் சேர்த்துத் தொழிற்சாலைகளுக்கு வாடகைக்கு விட்ட இடைத்தரகர்கள் பெருகினர். தூரின் நகரைப் பற்றிக் கொஃப்ரேதோ ஃபோஃபி 1964இல் வெளியிட்ட ஆய்வு இந்நிலையை விரிவாகப் பதிவு செய்துள்ளது.

விஸ்கோந்தியின் படம் இச்சட்டத்தைத் தன் பொருளாக எடுத்துப் பேசவில்லை. ஆனால் அச்சட்டம் உருவாக்கிய உலகத்தையே அது காட்டுகிறது. படத்தின் பல காட்சிகள் இப்பின்னணியில் வைத்துப் பார்க்கும்போது வேறு பொருள் தருகின்றன.

குடும்பத் தேடல் என்னும் முதல் ஆவணம்

அலுவலகமும் ஆவணமும் துணை நிற்காத ஊரில் வந்தவனுக்குத் துணை உறவினர் முகவரி ஒன்றே. புலம்பெயர்வு ஆய்வாளர்கள் சங்கிலித் தொடர்ப் புலம்பெயர்வு என்று குறிப்பிடும் முறை இதுவே: முன்னே சென்றவன் இடம் காட்ட, பின்னே வருவோர் அவனைப் பற்றிக்கொண்டு வருவர். ரொசாரியா வின்சென்சோவைத் தேடிச் செல்வது தாயன்பின் வெளிப்பாடு மட்டுமன்று. அன்றிரவு எங்கே உறங்குவது என்ற வினாவுக்கான விடையுமாகும்.

அத்தேடல் முடியும் இடத்திலேயே முரண் தொடங்குகிறது. வின்சென்சோவுக்கும் ஜினெத்தாவுக்கும் நிச்சயதார்த்த விருந்து நடந்துகொண்டிருக்கும் வேளையில் தாயும் தம்பியரும் வாசலில் வந்து நிற்கின்றனர். ஜினெத்தாவின் குடும்பத்தாரும் லுக்கானியாவிலிருந்து முன்னர் வந்தவர்களே. தொடக்கத்தில் அன்புடன் வரவேற்ற அவர்கள், வந்தவர்கள் தங்கவே வந்துள்ளனர் என்பதை உணர்ந்ததும் முகம் மாறுகின்றனர். இரு தாய்மாரிடையே சண்டை மூள்கிறது; வின்சென்சோ விருந்தை விட்டுத் தன் தாயுடன் வெளியேறுகிறான். ஒரே மண்ணிலிருந்து வந்தவர்களிடையேகூட நகரில் இடம் பற்றாக்குறைப் பொருளாகிவிட்டது என்பதை இக்காட்சி உணர்த்துகிறது.

அடுத்து வரும் வீடு பற்றிய நிகழ்வு மேலும் கூர்மையானது. வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, சில காலம் வாடகை கட்டிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும், வீட்டுக்காரர் வெளியேற்றுவார், வெளியேற்றப்பட்ட குடும்பத்தைத் தெருவில் விடாமல் நகராட்சி வீடு தரும் என்று வின்சென்சோவுக்கு அறிவுரை கிடைக்கிறது. குடும்பம் அவ்வாறே செய்கிறது. மிலான் நகராட்சியின் பார்வைக்குள் இக்குடும்பம் முதன்முதலாக நுழைவது வாடகை கட்டாமல் வெளியேற்றப்பட்டவர்களாகத்தான். நேர்வழியில் குடியிருப்பாளராக முடியாதவர்கள் குறைபாட்டின் வழியாகவே பதிவேட்டில் இடம் பெறுகின்றனர்.

இவ்விடத்தில் அக்காலத்து அறிவுலக விவாதம் ஒன்று கருதத்தக்கது. அமெரிக்க அரசியலறிஞர் எட்வர்ட் பான்ஃபீல்டு, பசிலிகாத்தாவின் கியாரோமோந்தே என்னும் ஊரில் 1954-55இல் கள ஆய்வு செய்து 1958இல் ஒரு நூல் வெளியிட்டார். தென்னாட்டவர் தம் சிறு குடும்பத்தின் உடனடி நலன் தவிர வேறெதையும் கருதாதவர்கள். அவ்வூரின் பின்தங்கலுக்கு அதுவே காரணம் என்பது அவர் கருத்து. படமும் லுக்கானியக் குடும்பம் ஒன்றின் இறுகிய பிணைப்பையே காட்டுகிறது. ஆனால் அப்பிணைப்பை மனப்பான்மையின் குறையாக அது நிறுத்திவிடவில்லை. வேறு எந்த நிறுவனமும் ஏற்காத மக்களுக்குக் குடும்பமே வேலைவாய்ப்பு அலுவலகம், கடன் தரும் வங்கி, முதியோர் காப்பகம் அனைத்தும் என்பதைக் காட்சிகள் நிறுவுகின்றன. பான்ஃபீல்டு காரணமாகக் கண்டதை விஸ்கோந்தியின் படம் விளைவாகக் காண்கிறது எனலாம்.

குத்துச்சண்டை: உடலை முதலாகக் கொண்ட தொழில்

குத்துச்சண்டைக்கும் புலம்பெயர்ந்தோர்க்கும் உள்ள தொடர்பு இத்தாலியில் தொடங்கியதன்று. அமெரிக்க நகரங்களின் குத்துச்சண்டை மேடைகளில் முதலில் அயர்லாந்தவரும், பின்னர் யூதரும் இத்தாலியரும், அதன்பின் கறுப்பினத்தவரும் அடுத்தடுத்து முன்னிலை பெற்றதைக் கிர்சன் வைன்பெர்க், ஹென்றி அரோந்த் ஆகியோரின் 1952ஆம் ஆண்டு ஆய்வு எடுத்துக்காட்டியது. ஓர் இனக்குழு நகரின் அடித்தட்டில் இருக்கும்வரை அதன் இளைஞர்கள் மேடை ஏறுகின்றனர்; வேறு வாய்ப்புகள் திறந்ததும் விலகுகின்றனர் என்பது அதன் சாரம்.

நாடக உலகமும் இதனை முன்பே கண்டுகொண்டது. கிளிஃபர்ட் ஓடெட்ஸ் 1937இல் எழுதிய 'கோல்டன் பாய்' நாடகத்தில், இத்தாலியக் குடியேறி ஒருவரின் மகன் வயலின் வாசிப்பைக் கைவிட்டுக் குத்துச்சண்டை வீரனாகி அழிகிறான். 1947இல் வந்த 'பாடி அண்ட் சோல்' திரைப்படம் நியூயார்க்கின் யூத இளைஞன் ஒருவனை நாயகனாக்கியது. இவற்றில் தனியொருவனின் உள்ளப் போராட்டமே மையம். விஸ்கோந்தி இம்மரபை மாற்றுகிறார். ஒருவனுக்குள் நிகழும் போராட்டத்தை அவர் இரு சகோதரர்களுக்கிடையே பகிர்ந்தளிக்கிறார்; எஞ்சிய மூவரைச் சண்டை மேடைக்கு வெளியே நிறுத்திப் பிற வழிகளையும் காட்டுகிறார். இதனால் குத்துச்சண்டை ஒரு மனிதனின் விதியாகத் தோன்றாமல் பல தொழில்களுள் ஒன்றாகத் தெரிகிறது.

படத்தில் வரும் வேலைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இது தெளிவாகும். முதல் வேலை பனி அள்ளுதல். ஒரு விடியலில் பனி பொழிந்திருப்பதைக் கண்டு குடும்பம் மகிழ்கிறது. நகரத் தெருக்களில் பனி அகற்றும் அன்றாடக் கூலி வேலைக்குச் சகோதரர்கள் விரைகின்றனர். அடுத்தது சிமோனேயின் குத்துச்சண்டை. பின்னர் ரோக்கோவின் சலவைக்கடை வேலை. இறுதியில், இரவுப் பள்ளியில் பயின்று சான்றிதழ் பெற்ற சீரோ ஆல்ஃபா ரோமியோ தொழிற்சாலையில் சேர்வது. பனி அள்ளுவதற்கும் குத்துச்சண்டைக்கும் படிப்பும் சான்றிதழும் வேண்டியதில்லை. இரண்டும் உடல் வலிமையை மட்டுமே கேட்கின்றன, இரண்டும் நிலையற்றவை. பனி உருகினால் வேலை முடியும். உடல் தளர்ந்தால் குத்துச்சண்டை முடியும். பயிற்சிக்கூடத்தின் குளியலறையில் இளைஞர்களின் உடல்களை மதிப்பிடும் பார்வை, வேலைக்கு ஆள் எடுக்கும் பார்வையை ஒத்திருப்பது தற்செயலன்று.

படம் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்ட 1960 செப்டம்பர், இத்தாலியக் குத்துச்சண்டையின் உச்சக் காலமாகவும் அமைந்தது. செப்டம்பர் 1 அன்று மிலானின் சான் சீரோ அரங்கில் துயிலியோ லோயி, கார்லோஸ் ஓர்த்தீசை வென்று உலகப் பட்டம் பெற்றார். அதே நாள்களில் நடந்த ரோம் ஒலிம்பிக் போட்டியில் நீனோ பென்வெனூத்தி உள்ளிட்ட மூவர் இத்தாலிக்குக் குத்துச்சண்டைத் தங்கம் வென்றனர். லோயி, சர்தீனியாவைச் சேர்ந்த தந்தைக்குத் திரியெஸ்தே நகரில் பிறந்தவர். பென்வெனூத்தியின் குடும்பமோ போருக்குப் பின் இஸ்திரியாவை விட்டு வெளியேற நேர்ந்த குடும்பங்களுள் ஒன்று. நாடு கொண்டாடிய வெற்றிகளின் பின்னும் இடப்பெயர்வின் வரலாறு இருந்தது.

ரோக்கோவின் ஒப்பந்தம்: கடனாக மாறும் பாசம்

சிமோனேக்குக் குத்துச்சண்டை தொடக்கத்தில் விடுதலை. பணம், உடை, பெண்கள், புகழ் என்று நகரம் அவனுக்குத் திறக்கிறது. ஒழுங்கான பயிற்சியின்றி அவன் விரைவில் தோற்கிறான், கடனாளியாகிறான், போட்டி அமைப்பாளர் மோரினியிடமிருந்து பணம் திருடுகிறான். அக்கடனைத் தீர்ப்பதற்காக ரோக்கோ, தான் வெறுக்கும் அத்தொழிலில் நீண்ட கால ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பமிடுகிறான்.

இது படத்தின் மையத் திருப்பம். அண்ணனின் கடனுக்காகத் தம்பியின் உடல் அடகு வைக்கப்படுகிறது. கிராமத்தில் நிலக்கடனுக்காக மகன் பண்ணையாளனாகும் பழைய முறையும் நகரின் குத்துச்சண்டை ஒப்பந்தமும் இங்கு ஒன்றாகின்றன. ரோக்கோவின் தியாகத்தைப் புனிதமாகக் காண்பது எளிது. தஸ்தயேவ்ஸ்கியின் 'அசடன்' நாவலின் மீஷ்கினோடு அவனை ஒப்பிடுவதும் வழக்கம். ஆனால் தியாகத்தின் பொருளாதாரத்தைப் படம் மறைக்கவில்லை. சண்டையில் வென்றபின் ரோக்கோ மகிழ்வதில்லை; தன்னுள் இத்துணை வெறுப்பு இருந்ததை மேடையில்தான் அறிந்ததாகக் கலங்குகிறான். வீட்டில் வெளிப்படுத்த இயலாத சினத்தை விலை பேசி விற்கும் இடமாக மேடை ஆகிவிடுகிறது.

வெற்றி விருந்தின்போது ரோக்கோ ஒரு கிராம வழக்கத்தை நினைவுகூர்கிறான். வீடு கட்டத் தொடங்கும் கொத்தனார் அவ்வழியே முதலில் செல்பவரின் நிழல்மீது ஒரு கல்லை எறிவாராம். வீடு உறுதியாக நிற்க ஒரு பலி வேண்டும் என்பது அதன் பொருள். ரோக்கோ தன்னையே அப்பலியாக எண்ணுகிறான். ஆயின் அந்நேரத்தில் உண்மையான பலி வேறோரிடத்தில் முடிந்துவிட்டது.

கணக்கில் வராதவள்: நாதியா

நாதியா படத்தில் முதலில் தோன்றுவது தந்தையின் அடிக்குத் தப்பி ஓடிவரும் பெண்ணாக. பரோந்தி குடும்பத்தின் வீட்டில் அவள் சற்று நேரம் அடைக்கலம் பெறுகிறாள். பாலியல் தொழிலால் வாழும் அவள் முதலில் சிமோனேயுடனும், சிறை மீண்டபின் ரோக்கோவுடனும் பழகுகிறாள். ரோக்கோவின் அன்பு அவளுக்குப் புதிய வாழ்வின் நம்பிக்கையைத் தருகிறது. அதனைப் பொறாத சிமோனே, தன் கூட்டாளிகளுடன் வந்து ரோக்கோவின் கண்முன்னே அவளை வன்புணர்கிறான். அதன்பின் மிலான் பேராலயத்தின் கூரைமீது நின்று, அண்ணனுக்கு அவள் தேவை என்று கூறி ரோக்கோ அவளை அவனிடமே திரும்பச் செல்லச் சொல்கிறான்.

இக்காட்சியில் ரோக்கோவின் நற்பண்பு கொடுமையாகத் திரிகிறது. குடும்பம் சிதையாதிருக்க அவன் கொடுக்கும் விலை அவனுடையதன்று, நாதியாவினுடையது. குடும்பம் என்னும் பாதுகாப்பு அமைப்பு உள்ளிருப்போரைக் காக்க, வெளியிலிருப்பவளைக் கொடுத்துவிடுகிறது. ரோக்கோ மேடையில் வெல்லும் அதே நேரத்தில் நகர்ப்புற ஏரிக்கரையில் சிமோனே நாதியாவைக் கத்தியால் குத்திக் கொல்கிறான். மேடையில் விழும் குத்துகளையும் ஏரிக்கரையில் விழும் கத்திக்குத்துகளையும் படத்தொகுப்பு மாறிமாறிக் காட்டுகிறது. விதிமுறைக்கு உட்பட்ட வன்முறையும் விதியற்ற வன்முறையும் ஒரே குடும்பத்தின் இரு கைகள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லல் அரிது.

படத்தைக் குறித்த வாசிப்புகள் சகோதரர்களின் தார்மீகப் போராட்டத்திலேயே நிலைத்துவிடும்போது நாதியா அப்போராட்டத்தின் கருவியாகச் சுருங்குகிறாள். அவளும் குடும்பத்தால் வெளியேற்றப்பட்டவள், அவளும் உடலை முதலாகக் கொண்டு பிழைப்பவள் என்பதை நோக்கினால், ரோக்கோவுக்கும் அவளுக்கும் உள்ள ஒப்புமை புலனாகும். வேறுபாடு ஒன்றே: ரோக்கோவுக்குத் திரும்பிச் செல்ல ஒரு வீடு உண்டு.

சீரோ: சட்டத்தை நாடும் முதல் கை

கொலைக்குப்பின் வீடு வந்த சிமோனேயை ரோக்கோ மறைத்துக் காக்க முனைகிறான். தடுத்த கைகளை விலக்கிக்கொண்டு சீரோ காவல்துறையிடம் செல்கிறான். உடன்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவன் என்று அவனைத் தம்பி லூக்கா வெறுக்கிறான். இறுதிக் காட்சியில் ஆல்ஃபா ரோமியோ தொழிற்சாலை வாயிலில் இருவரும் பேசுகின்றனர். சிமோனேயை யாரினும் மிகுதியாகத் தான் நேசித்ததையும், ரோக்கோவின் எல்லையற்ற மன்னிப்பே அழிவுக்குத் துணைபோனதையும் சீரோ விளக்குகிறான். ஒருநாள் லூக்கா ஊர் திரும்பக்கூடும். ஆனால் அங்கும் வாழ்வு மாறியிருக்கும் என்கிறான்.

சீரோவின் செயலைத் துரோகமா நீதியா என்று மட்டும் வினவுதல் போதாது. இதுகாறும் இக்குடும்பம் அரசை அணுகிய வழி வீட்டுக்கான தந்திரம்தான். இப்போது அக்குடும்பத்தின் ஓர் உறுப்பினன் தானே சென்று சட்டத்திடம் முறையிடுகிறான். படிப்பு, சான்றிதழ், நிலையான வேலை ஆகியவற்றால் பதிவேட்டில் இடம்பெற்றவனால்தான் இது இயல்கிறது. குடும்பம் தவிர வேறு துணை இல்லாதவனுக்குச் சகோதரனைக் கைவிடல் தற்கொலைக்கு நிகர், சீரோவுக்கு அவ்வாறில்லை. அவனது அறத்தெளிவு அவனது சமூக நிலையோடு பிணைந்துள்ளது.

அரசின் எதிர்வினை

படத்தின் பிறப்பிலும் வெளியீட்டிலும் மிலான் அதிகாரிகளின் தடை தொடர்ந்தது. கொலைக் காட்சியை நகரின் இத்ரோஸ்காலோ ஏரிக்கரையில் படமாக்க அனுமதி மறுக்கப்பட்டது. அக்காட்சி ரோமுக்குத் தெற்கே லத்தீனா அருகிலுள்ள ஃபொல்யானோ ஏரிக்கரையில் எடுக்கப்பட்டது. வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்ற படம், திரையரங்குகளுக்கு வந்தபோது மிலான் அரசு வழக்குத் துறையின் தலையீட்டுக்கு உள்ளாயிற்று. வன்புணர்ச்சி, கொலை முதலிய காட்சிகள் இருட்டாக்கப்பட்டுத் திரையிடப்பட்டன. 'கிஸோல்ஃபா பாலம்' என்னும் கதைத் தொகுதியின் (1958) மூலம் இப்படத்துக்கு அடிப்படை தந்த ஜொவான்னி தெஸ்தோரியின் 'அரியால்தா' நாடகமும், விஸ்கோந்தியின் இயக்கத்தில் 1961 பிப்ரவரியில் மிலானில் மேடையேறியவுடன் தடை செய்யப்பட்டது. அதே மாதத்தில்தான் 1939ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றத்தால் நீக்கப்பெற்றது.

இவ்விரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு கற்பித்தல் பொருந்தாது. சட்ட நீக்கம் நீண்ட அரசியல், தொழிற்சங்க முயற்சிகளின் விளைவு. எனினும் இவ்விணைநிகழ்வு ஒன்றை விளக்குகிறது. புறநகர் மக்களைப் பதிவேட்டில் சேர்க்க அரசு இசைந்த அதே வேளையில், அவர்கள் வாழ்வைத் திரையிலும் மேடையிலும் காண அதன் அதிகாரிகள் இசையவில்லை.

முடிவுரை

'ரோக்கோவும் அவன் சகோதரர்களும்' குறித்து மேற்கொள்ளப்பட்ட இவ்வாசிப்பு பின்வரும் முடிவுகளைத் தருகிறது. முதலாவது, படத்தின் தொடக்கத்தில் நிகழும் குடும்பத் தேடல், சட்டம் இடமளிக்காத மக்கள் கைக்கொண்ட வாழ்வுமுறையின் வெளிப்பாடு. இரண்டாவது, குத்துச்சண்டை இங்கு வீரத்தின் குறியீடாகவோ நகரத்தின் மாயையாகவோ மட்டும் அமையவில்லை. சான்றிதழ் வேண்டாத கூலி வேலைகளின் வரிசையில் மிகுந்த விலை கேட்கும் ஒன்றாக அமைகிறது. மூன்றாவது, புலம்பெயர்ந்தோரைத் தாங்கும் குடும்பப் பிணைப்பு தன் எல்லைக்கு வெளியே உள்ளோரைப் பலியிடவும் கூடும் என்பதை நாதியாவின் முடிவு காட்டுகிறது.

புலம்பெயர்வு குறித்த ஆய்வுகள் குடும்ப ஒற்றுமையைப் பெரும்பாலும் வலிமையாகவே மதிப்பிடுகின்றன. அவ்வலிமையை மறுக்க இப்படம் இடம் தரவில்லை. அதன் செலவை யார் ஏற்கின்றனர் என்று கேட்கிறது. இறுதிக் காட்சியில் லூக்கா, சுவரில் வரிசையாக ஒட்டப்பட்ட ரோக்கோவின் படங்களைத் தடவியவாறு நடந்து செல்கிறான். அண்ணனின் முகம் நகரெங்கும் அச்சேறிவிட்டது. நாதியாவின் பெயர் அச்சுவர்களில் எங்குமில்லை.